பெருச்சாளி வீட்டின் பதின்மூன்றாம் பங்கு

ஒரு காட்டில், மரங்கள் முடிந்து கேழ்வரகுக் கொல்லைகள் தொடங்குகிற இடத்தில், ஏரி ஒன்று இருந்தது. ஏரிக்கரைமேல் துணைக்கு ஆளில்லாமல் ஒரே ஒரு பனைமரம். அந்தப் பனையின் வேருக்கு அடியில் வளை தோண்டி, பூவாயி என்ற பெருச்சாளி குடும்பம் நடத்தி வந்தாள்.

குடும்பம் என்றால் லேசுப்பட்ட குடும்பம் இல்லை, குழந்தைகளே. கணவன் செவத்தான். பிள்ளைகள் பதினொன்று. மூத்தவள் பல்லழகி, கடைக்குட்டி பொடியன். நடுவில் உள்ள ஒன்பது பேரின் பெயரைப் பெற்றவளே மாற்றி மாற்றித்தான் கூப்பிடுவாள். சாப்பாட்டு வேளையில் பதின்மூன்று பேரும் உட்கார்ந்தால், வாலை மடக்கி வைக்க இடம் இருக்காது.

செவத்தான் கதிர் கொண்டு வருவதில் கெட்டிக்காரன். மண்வேலை மட்டும் அவனுக்கு வராது. வளை தோண்டியது, அறை பிரித்தது, கதிர் சேர்த்து வைக்கக் களஞ்சியம் குடைந்தது எல்லாம் பூவாயியின் நகங்கள்தாம்.

அந்த வளையில் இன்னொன்றும் இருந்தது. பனை வேரை ஒட்டி மேலே ஏறும் குறுகலான சந்து. அதற்கு மேல்வழி என்று பெயர். பாம்பு நுழையக் கூடாதே என்று அதன் உச்சியில் ஒரு சாண் மண்ணை உடைக்காமல் விட்டிருந்தாள் பூவாயி. பெருமழையில் ஏரி நிரம்பினால் கீழ்வாசல் வழியாகத் தண்ணீர் புகும். அப்போது அவள் மேல்வழியில் ஏறி அந்த ஒரு சாண் மண்ணை உடைப்பாள். எல்லோரும் கரைமேல் வந்து பிழைத்துக்கொள்வார்கள். கெட்டித்த களிமண்ணை உடைக்கிற வலு அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது.

அந்த ஆண்டு மழை ஏமாற்றிவிட்டது. கொல்லையில் பாதிக் கதிர் கருகிப் போயிற்று. செவத்தான் அலைந்து திரிந்து கொண்டு வந்ததை எல்லாம் குவித்தும் களஞ்சியம் பாதிகூட நிறையவில்லை.

பூவாயி அந்தக் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"ஏங்க, அடுத்த மழை விழுந்து, புல் முளைச்சு, நண்டு நத்தை வெளியே வர்ற வரைக்கும் இதுதான் சோறு. பத்துமா?"

"பத்தும் பத்தும். நீ எதுக்கெடுத்தாலும் பயப்படுவே" என்றான் செவத்தான்.

அவனுக்கு எல்லாமே பத்தும். வாரி வழங்குகிற கை அவனுக்கு. பத்தாமல் போனால் பதினொரு பிள்ளைகளும் யார் முகத்தைப் பார்த்து அழும் என்பது பூவாயிக்குத் தெரியும்.

அன்றே செலவைக் குறைக்கத் தொடங்கினாள்.

கேழ்வரகுக் கதிரைப் பார்த்திருப்பீர்கள். கையை விரித்தது போல ஒரு கதிரில் ஆறு விரல் இருக்கும். அதுவரை அந்த வீட்டில் ஆளுக்கு ஒரு முழுக் கதிர். இனிமேல் ஆளுக்கு மூன்று விரல் என்றாள் பூவாயி.

"மூணு விரலா? எனக்குப் பல்லுக்குள்ளேயே காணாமப் போயிடும்மா" என்றாள் பல்லழகி.

"மெதுவா மெல்லு. நாப்பது தடவை மென்னா மூணு விரல் முப்பது விரலாத் தெரியும்."

அடுத்து, வளைக்குள் ஓடிப்பிடித்து விளையாடக் கூடாது என்றாள். ஓடினால் பசிக்குமாம். பிள்ளைகள் உட்கார்ந்த இடத்திலேயே விளையாடும் விளையாட்டு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதில் சண்டைதான் அதிகம் வந்தது. சண்டை போட்டாலும் பசிக்கும் என்று அதையும் நிறுத்தினாள். நான்கு அறையிலும் பரப்பியிருந்த வைக்கோலை ஒரே அறையில் போட்டு, எல்லோரையும் ஒன்றாகப் படுக்கச் சொன்னாள். உதிர்ந்த பதரைக்கூட ஊதிப் பார்த்து, மணி இருந்தால் பொறுக்கி வைத்தாள்.

இத்தனைக்கும் மேலே ஒரு பெரிய செலவு இருந்தது. அதன் பெயர் மயிலார்.

மயிலார் தினமும் சரியாகச் சாப்பாட்டு வேளைக்குக் கீழ்வாசலில் வந்து நிற்பார். தோகையை ஒரு முறை சிலுப்புவார். "செவத்தா, நாளைக்கு மழை" என்பார். அவ்வளவுதான், செவத்தானுக்குத் தலைகால் புரியாது. "மயிலே நம்ம வாசல் தேடி வந்து சேதி சொல்லுது!" என்று இரண்டு முழுக் கதிரை எடுத்து நீட்டுவான். நாளை வரும், மழை வராது. மயிலார் மட்டும் வந்துவிடுவார்.

அன்று பூவாயியே வாசலுக்கு வந்தாள்.

"மயிலாரே, நாளைக்கு மழை நிச்சயம்தானே?"

"என் வாக்கு பொய்க்குமா?"

"பொய்க்காது. அதனால நாளைக்கே வந்து வாங்கிக்குங்க. ரெண்டு இல்லை, நாலு கதிர். நனைஞ்ச தோகையோட வந்தா நானே கையில கொடுக்கிறேன்."

மயிலார் வானத்தைப் பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை. கழுத்தை நீட்டிக்கொண்டு வேறு வீடு தேடிப் போய்விட்டார். செவத்தான் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பூவாயி கண்டுகொள்ளவில்லை.

இந்த மட்டில் அவள் செய்ததெல்லாம் சரியே. அவள் அங்கேயே நின்றிருந்தால் இந்தக் கதையும் இங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் பயம் என்பது சும்மா இருக்க விடாது. காலையில் எழுந்ததும் குவியலைப் பார்ப்பாள், நேற்றைவிடச் சின்னதாகத் தெரியும். வெளியே எட்டி வானத்தைப் பார்ப்பாள், வெளுத்துக் கிடக்கும். இன்னும் எதைக் குறைக்கலாம்? பிள்ளைகள் பங்கில் கை வைக்க மனம் வரவில்லை. நாளெல்லாம் வெயிலில் அலைகிற கணவன் பங்கிலும் முடியாது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு பங்கு. பதின்மூன்றாவது பங்கு, அவளுடையது.

அன்று எல்லோருக்கும் பங்கு வைத்துவிட்டுப் பூவாயி சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"நீ சாப்பிடலையா?" என்றான் செவத்தான்.

"நான் அப்பவே சாப்பிட்டேன்."

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்த வார்த்தை! செவத்தான் தலையை ஆட்டிவிட்டுத் தன் கதிரை மென்றான். மறுநாளும் கேட்டான், மறுநாளும் அவள் அதையே சொன்னாள். அதற்குப் பிறகு கேட்பதும் வழக்கமாயிற்று, சொல்வதும் வழக்கமாயிற்று. எல்லோரும் தூங்கிய பிற்பகலில் அவள் பதரைச் சப்பிக்கொண்டு, காய்ந்த கோரைக்கிழங்கைக் கடித்துக்கொண்டு பொழுதை ஓட்டினாள்.

நாளுக்கு மூன்று விரல் மிச்சம். இரண்டு நாளைக்கு ஒரு முழுக் கதிர். அந்தக் கதிரைக் களஞ்சியத்தில் விட்டு வைக்க அவளுக்குத் தைரியம் இல்லை. வாசலில் யாராவது வந்து நின்றால் செவத்தானின் கை நீளும். பொடியன் அழுதால் அவளுடைய கையே நீளும். யார் கண்ணிலும் படாத இடம் வேண்டும். ஈரம் படாத இடமும் வேண்டும்.

அப்படி ஓர் இடம் இருந்தது. மழை வராத நாளில் யாரும் எட்டிப் பார்க்காத இடம்.

மேல்வழிதான்.

இரண்டு நாளைக்கு ஒரு முறை ஒரு கதிரை எடுத்துப்போய் அந்தச் சந்தில் செருகினாள். மேலேயிருந்து கீழாக அடுக்கிக்கொண்டே வந்தாள். எறும்பு வராமல் இருக்க மண்ணைக் குழைத்துப் பூசினாள். பூசினது வெயில் காலத்துச் சூட்டில் கல்லாய் இறுகியது. தினமும் ஒரு முறை போய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தால்தான் அவளுக்கு நிம்மதி. அன்றைய பசி கொஞ்சம் அடங்கினது போலவும் இருக்கும்.

இரண்டு மாதத்துக்கு மேல் ஓடிற்று.

"அம்மா, உன் மீசை ஏன் தொங்குது?" என்று கேட்டாள் பல்லழகி.

"வெயிலு."

"நடக்கும்போது காலு ஏன் நடுங்குது?"

"வேலை பார்த்த அலுப்பு. போய் பத்துப் பேரையும் சண்டை போடாம பாரு, போ."

பல்லழகி போனாள். ஆனால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஒரு நாள் நண்பகலில் காற்று நின்றது. ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மயில் விடாமல் அகவியது. பூவாயி கீழ்வாசலுக்கு ஓடி வந்து பார்த்தாள். வானம் முழுக்க மேகம், சட்டி அடி போலக் கறுத்துக் கிடந்தது. செவத்தான் காலையிலேயே உதிரிக் கதிர் பொறுக்க மேட்டுக் கொல்லைக்குப் போயிருந்தான்.

முதல் துளி அவள் மூக்கில் விழுந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இனி பயம் இல்லை. குவியலில் இன்னும் கதிர் இருக்கிறது, மேல்வழியிலும் இருக்கிறது. பதினொன்றையும் காப்பாற்றியாயிற்று!

"மழைடா, மழை!" என்று பிள்ளைகள் வாசலில் குதித்தன. ஓடக் கூடாது என்று அவள் சொல்லவில்லை.

மழை நிற்கவே இல்லை. காட்டு ஓடைகள் எல்லாம் ஏரிக்குத் திரும்பின. வெயிலில் வெடித்துக் கிடந்த ஏரி பொழுது சாய்வதற்குள் நிறைந்து, கரையில் ஏறி, கீழ்வாசலில் நுழைந்தது. முதலில் வைக்கோல் நனைந்தது. அப்புறம் களஞ்சியத்துக் குவியல் அசைந்து மிதந்தது.

"எல்லாரும் மேல்வழிக்கு வாங்க! ஒருத்தர் வாலை ஒருத்தர் பிடிச்சுக்குங்க!" என்று பூவாயி கத்திக்கொண்டே முன்னால் ஓடினாள்.

சந்தின் வாயில் வந்து நின்றாள். அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

எதிரே அவள் பூசின மண், அவள் கையாலேயே வழித்து வழித்துப் பூசினது. அதற்கு மேலே முப்பதுக்கு மேற்பட்ட கதிர்கள். அவற்றுக்கும் மேலே உடைக்காத ஒரு சாண் களிமண்.

பாய்ந்து பிறாண்டினாள். நகம் வழுக்கியது. மறுபடியும் பிறாண்டினாள். முன்னங்கால்கள் வெடவெடவென்று ஆடின, கண் இருட்டிக்கொண்டு வந்தது. பாறையைப் போன்ற மண்ணை விளையாட்டாக உடைத்த கால்கள் அவை. இன்று ஒரு பிடி மண் உதிரவில்லை. பூவாயி அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

பின்னால் தண்ணீர் பொடியனின் வயிற்றைத் தொட்டது.

"அம்மா, போம்மா! ஏன் நிக்கிறே?" என்று பிள்ளைகள் கத்தின.

"வழியை அடைச்சுட்டேன் கண்ணுகளா."

"எதை வச்சும்மா அடைச்சே?" என்றாள் பல்லழகி.

"என் சோத்தை வச்சு."

பல்லழகிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தொங்கிய மீசை, நடுங்கிய கால், தினமும் சொன்ன அந்த ஒரே வார்த்தை. ஆனால் அழுவதற்கு அது நேரம் இல்லை. அவள் அம்மாவைத் தாண்டி ஏறி, பூச்சு மண்ணின் ஓரத்தில் பல்லை வைத்துக் கடித்தாள். ஒரு சில்லு பெயர்ந்தது. தம்பி தங்கைகளும் ஏறிக் கடித்தார்கள். பூச்சு உடைந்து கதிர்கள் தெரிந்தன.

"வரிசையா நில்லுங்க! நான் இழுத்துத் தர்றதைக் கீழே தள்ளுங்க!" என்றாள் பல்லழகி.

ஒவ்வொரு கதிராகக் கை மாறிக் கீழே போயிற்று. ஒவ்வொன்றும் தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது. பூவாயி தன்னை அறியாமல் ஒரு கதிரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இதை விட்டுடாதீங்கடி. இது எத்தனை நாள் சோறு தெரியுமா?"

"தெரியும்மா. எத்தனை நாள் நீ சாப்பிடலைன்னும் இப்பத் தெரியும்" என்றாள் பல்லழகி. அந்தக் கதிரில் ஒரு விரலை ஒடித்து அம்மாவின் வாயில் திணித்தாள். "மேலே இருக்கிற களிமண் எங்க பல்லுக்கு மசியாது. எங்க தட்டினா உடையும்னு எங்களுக்குத் தெரியவும் தெரியாது. நீதான் வரணும். முதல்ல மெல்லு."

"வேணாம் கண்ணு, நான்..."

"மெல்லும்மா!"

பூவாயி மென்றாள். ஒரு விரல், இரண்டு விரல், மூன்று விரல். எத்தனையோ நாளுக்குப் பிறகு நாக்கில் மாவு கரைந்தது. தண்ணீர் அவள் வாலை நனைத்தது. சந்து காலியாயிற்று. அவள் ஏறத் தொடங்கினாள். அவள் கால் வழுக்கிய இடத்தில் பல்லழகியின் தலை முட்டுக் கொடுத்தது. பல்லழகிக்கு அடுத்தவன் முட்டுக் கொடுத்தான். ஒருவர்மேல் ஒருவராகப் பதினொரு பேரும் அவளைத் தாங்கிப் பிடித்தார்கள்.

"வேருக்கு இடப்பக்கம்... இங்கதான்" என்று முணுமுணுத்துக்கொண்டே நகத்தை வைத்தாள். ஒரு பிறாண்டல். மூச்சு வாங்கினாள். இன்னொரு பிறாண்டல். முன்பெல்லாம் அடுப்பில் கஞ்சி பொங்குகிற நேரத்தில் முடிகிற வேலை அது. இன்று ஒவ்வொரு கீறலுக்கும் உயிர் போய் உயிர் வந்தது.

அப்போது மேலேயிருந்தும் பிறாண்டுகிற சத்தம் கேட்டது.

"பூவாயி! பூவாயி! எங்கே இருக்கே?" செவத்தானின் குரல். மண்வேலை தெரியாத அந்த மனுஷன் மேட்டுக் கொல்லையிலிருந்து ஓடி வந்து, கண்மண் தெரியாமல் தோண்டிக்கொண்டிருந்தான்.

"இடப்பக்கம் வாங்க! வேருக்கு இடப்பக்கம்!"

களிமண் பிளந்தது. மழை நீரும் வெளிச்சமும் ஒன்றாக அவள் முகத்தில் விழுந்தன. செவத்தான் அவளைக் கவ்வி வெளியே இழுத்தான். அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. பூவாயி எண்ணினாள். பத்து.

"பொடியன்! பொடியன் எங்கே?"

உள்ளே தண்ணீர் சந்தின் பாதிக்கு வந்துவிட்டது. பூவாயி மறுபடியும் உள்ளே இறங்கப் போனாள், செவத்தான் பிடித்துக்கொண்டான். பிறகு ஓட்டையில் ஏதோ அடைத்துக்கொண்டு அசைந்தது. முதலில் ஒரு கேழ்வரகுக் கதிர் வந்தது. அதைக் கவ்விக்கொண்டு பொடியன் வந்தான்.

"நீதானேம்மா சொன்னே, ஒரு கதிரைக்கூட விடக் கூடாதுன்னு" என்றான். அவனை அடிப்பதா, அணைப்பதா என்று தெரியாமல் பூவாயி அணைத்துக்கொண்டாள்.

மழை தூறலாயிற்று. சேர்த்து வைத்ததெல்லாம் ஏரியில் மிதந்து போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மயிலார் நனைந்த தோகையோடு வந்து நின்றார்.

"பூவாயி, மழை வந்துடுச்சு. என் நாலு கதிர்?"

"அதோ மிதக்குது. வேணுங்கிறதை எடுத்துக்குங்க" என்றான் செவத்தான். இத்தனை நாளில் அவன் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மயிலார் தண்ணீரைப் பார்த்தார், தோகையைப் பார்த்தார், போய்விட்டார்.

பனையடியில் பதின்மூன்று பேரும் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நடுவில் பொடியன் கொண்டு வந்த கதிர் கிடந்தது. பூவாயி இரண்டு நாள் சாப்பிடாமல் மிச்சம் பிடித்த கதிர் அது. விடிந்தால் நத்தையும் நண்டும் கரையேறும், இரண்டு நாளில் புல் தலை காட்டும். இன்றைக்கு இருப்பது இது ஒன்றுதான்.

பழக்கம் விடுமா? பூவாயி ஆறு விரலையும் ஒடித்து, ஒவ்வொன்றையும் இரண்டாக்கினாள். பிள்ளைகளுக்குப் பதினொன்று, கணவனுக்கு ஒன்று. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.

யாரும் சாப்பிடவில்லை.

"பன்னிரண்டு துண்டுதான் இருக்கு" என்றாள் பல்லழகி.

"நான் அப்பவே சாப்..."

"எப்போம்மா?" என்று கேட்டான் பொடியன்.

பூவாயி வாயைத் திறந்தாள். இந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை.

செவத்தான் தன் துண்டை இரண்டாகக் கடித்தான். பெரிய பாதியை அவள் முன்னால் வைத்தான். "ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தேன். உன் முன்னால ஒரு நாள்கூடக் கதிர் இருந்துச்சான்னு பார்க்கலை" என்றான்.

பூவாயி அந்தத் துண்டை எடுத்து வாயில் போட்டாள். அவள் மென்று விழுங்குகிற வரை பதினொரு பிள்ளைகளும் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் சாப்பிட்டார்கள்.

நீதி: வீட்டுச் செலவைக் குறைக்கலாம்; வீட்டைச் சுமப்பவரின் சோற்றைக் குறைக்கக் கூடாது.